கண்ணளவுக் கஷாயம்

"கொஞ்சம் தண்ணி விட்டு கொதிக்க வையுங்கோ, பாதியா வத்தினதும் இறக்கிருங்கோ." கஷாயம் என்று பேச்சு வந்தால் எங்கள் திற்பரப்பில் கிடைக்கும் பதில் இதுதான். கொஞ்சம் என்றால் எவ்வளவு? கேட்டால், "எங்க அம்மையெல்லாம் அளந்தா வச்சா?" என்று என்னையே மடக்குவார்கள்.

அளந்துதான் வைத்தார்கள் ஐயா! நாழியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. நாழித் தண்ணீர் உழக்கானால் நாலில் ஒன்று, ஆழாக்கானால் எட்டில் ஒன்று. வைத்தியர் "எட்டொன்றாய் வற்ற வை" என்றால் எந்தப் பாத்திரத்தை எடுப்பது என்று எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் தெரியும். ஊருக்கு ஊர் நாழி வேறுபடும் என்பார்கள். படட்டுமே. ஏற்றுவதும் இறக்குவதும் ஒரே கணக்கில் இருந்தால் விகிதம் மாறாது.

1958-ல் மெட்ரிக் முறை வரத் தொடங்கியதை நான் குறை சொல்லவில்லை. பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு லிட்டர் பால்யத் தோழன்; பிரான்சு அதை 1795-லேயே சட்டமாக்கிவிட்டது. என் கோபம் வேறு. நாழி போன இடத்தில் மில்லி லிட்டர் வரவில்லை, டம்ளர் வந்து உட்கார்ந்துகொண்டது. டீக்கடை டம்ளர் ஒரு அளவு, கல்யாண வீட்டில் கொடுத்த எவர்சில்வர் டம்ளர் இன்னொரு அளவு.

2020-ல் வீட்டுக்கு வீடு கபசுரக் குடிநீர் கொதித்தது. வழக்கமாகச் சொல்லும் கணக்கு: 5 கிராம் பொடி, 240 மில்லி தண்ணீர், 60 மில்லியாக வற்ற வேண்டும். நம்மவர்கள் பாதியில் இறக்கினார்கள். 120 மில்லியில் நின்றதை 60 மில்லி குடித்தால் உள்ளே போவது ஏறக்குறைய பாதி மருந்து. பிறகு "குடிச்சேன், ஒண்ணும் கேக்கல்ல" என்று புகார். கேட்குமா கேட்காதா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. சொன்னபடி செய்யாததைப் பழிக்க உமக்கு உரிமை இல்லை என்கிறேன்.

நேரத்தை நம்புவதும் வீண். வாய் அகன்ற பாத்திரத்தில் சீக்கிரம் வற்றும், குறுகியதில் மெதுவாக. மூடினால் ஆவி திரும்பி உள்ளேயே சொட்டும். கண்ணோ இன்னும் மோசம். அடி உருண்ட பாத்திரத்தில் கால் உயரம் என்பது கால் பங்கு அல்ல, அதைவிட மிகக் குறைவு. கொதிக்கும் தண்ணீர் சுமார் 4 சதவீதம் பெருத்திருக்கும் என்று விஞ்ஞானம் பேசும் நண்பர் ஒருவர் இருக்கிறார். 60 மில்லிக்கு அது இரண்டரை மில்லிகூட வராது. நான் சண்டை போடுவது மடங்குக்காக, மில்லிக்காக அல்ல.

அடி தட்டையான, நேராக உயர்ந்த, ஒல்லியான பாத்திரம் எடுங்கள். இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியால் 60 மில்லி தண்ணீர் ஊற்றி, பொடியையும் போட்டுக் கலக்கி, தென்னை ஈர்க்கிலை நட்டமாக விட்டு, நனைந்த இடத்தில் கத்தியால் கீறுங்கள். பிறகு மீதி 180 மில்லியை ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். பார்க்கும்போது அடுப்பை அணைத்து, நுரை அடங்கிய பிறகு ஈர்க்கிலை விடுங்கள், நுரை ஏமாற்றும். நாலு பேருக்கென்றால் 20 கிராம், 960 மில்லி, 240 மில்லி. வடிகட்டினால் பொடி உறிஞ்சியது போகக் கொஞ்சம் குறையும். அதற்காக மேலே பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஈர்க்கிலைக் கழுவி அடுக்களையில் செருகி வைத்தால் அடுத்த தடவைக்கும் ஆகும். பாத்திரம் மாறினால் புது ஈர்க்கில்.