எடுத்து வைக்காத ஓரடி



1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் ஒரு காட்சிச் சண்டை. அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர் அவரை வரவேற்றார். அலி வந்த கதையைச் சொல்லாத குத்துச்சண்டை ரசிகர் வடசென்னையில் குறைவு. அன்று எதிரே நின்ற ஜிம்மி எல்லிஸைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் பேசுவதில்லை. அலி பிறந்த லூயிவில் நகரத்துக்காரர்தான் அவரும், சிறுவயதிலிருந்தே கூட்டாளி. அலியிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்த பிறகு, காலியான இடத்துக்கு ஆள் தேடி ஒரு போட்டித் தொடர் நடத்தினார்கள். 1968இல் அதில் வென்று பட்டம் சூடியவர் இந்த எல்லிஸ். இழந்தவரும் பெற்றவரும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து நம் மாநிலத் தலைநகரில் ஒரே மேடை ஏறினார்கள்.

அலி அந்தப் பட்டத்தை எந்தச் சண்டையிலும் தோற்று இழக்கவில்லை. வியட்நாம் போருக்காக அமெரிக்கா இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்துக்கொண்டிருந்த காலம். 1964இல் அலி எழுத்துத் தேர்வில் தேறவில்லை என்று ராணுவமே அவரை ஒதுக்கி வைத்திருந்தது. போருக்கு ஆள் போதாமல் தேர்ச்சி அளவைக் குறைத்ததும், 1966இல் அவர் தகுதியானவர் ஆகிவிட்டார். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவுடன் ஓரடி முன்னால் வைத்தால் படையில் சேர்ந்ததாகக் கணக்கு. அவர் வைக்கவில்லை. என் மதம் இந்தப் போரை ஏற்கவில்லை என்றார். அன்றைக்கே நியூயார்க்கில் குத்துச்சண்டை உரிமமும் பட்டமும் போயின. ஜூன் மாதம் ஐந்தாண்டு சிறையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதித்தார்கள். மேல்முறையீட்டில் இருந்ததால் சிறைக்குப் போகவில்லை. ஆனால் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டதால் வெளிநாட்டில் போய்ச் சண்டையிடவும் வழியில்லை. கல்லூரி கல்லூரியாகப் போய்ப் பேசிப் பிழைத்தார்.

1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவரை விடுவித்தது. தீர்ப்பைத் திருத்தலாம், வயதைத் திருத்த முடியுமா? பட்டம் போனபோது அவருக்கு 25. தீர்ப்புக்கு முந்தைய ஆண்டு மறுபடி மேடை ஏறியபோது 28. குத்துச்சண்டைக்காரருக்குக் கால்கள் சொன்னபடி கேட்கும் பருவம் அதுதான். அதற்குப் பிறகும் அவர் இரண்டு முறை உலகப் பட்டத்தை மீட்டார். என்றாலும் பழைய கால்வேகம் திரும்பவில்லை என்றே பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஓரடியை மனமுவந்து எடுத்து வைத்தவர் ஜோ லூயிஸ். அவரும் உலகப் பட்டம் வைத்திருந்த கறுப்பின வீரர். 1942 ஜனவரியில் பட்டத்துக்கான சண்டையில் வென்று, தன் பரிசுப் பணத்தைக் கடற்படை நல நிதிக்குக் கொடுத்தார். அன்றைக்கு அந்தக் கடற்படை கறுப்பர்களைப் பெரும்பாலும் உணவு பரிமாறும் வேலைக்குத்தான் சேர்த்துக்கொண்டிருந்தது. அடுத்த நாளே அவர் தரைப்படையில் சிப்பாயாகச் சேர முன்வந்தார். படை முகாம்களைச் சுற்றிவந்து நூற்றை ஒட்டிய காட்சிச் சண்டைகள் ஆடினார். அங்கும் கறுப்பருக்குத் தனிக் கொட்டகை, தனி இருக்கை. சேரும்போது 27 வயது, வெளியே வரும்போது 31. பிறகு வருமான வரி பாக்கி என்று அதே அரசு அவரை விரட்டியது. கடன் தீர்க்க மல்யுத்த மேடை ஏற வேண்டி வந்தது. 1981இல் அவர் இறந்தபோது ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். செலவில் ஒரு பங்கு கொடுத்தவர், 1938இல் அவரிடம் முதல் சுற்றிலேயே தோற்ற ஜெர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங். ஹிட்லரின் ராணுவம் அவரையும் விட்டுவைக்கவில்லை. பாராசூட் படையில் சேர்த்து, 1941இல் கிரீட் தீவில் இறக்கியது.

அலியைக் கோழை என்றவர்களும் உண்டு, லூயிஸை அடிமைப் புத்தி என்றவர்களும் உண்டு. இரண்டு பேச்சையும் என்னால் ஏற்க முடியவில்லை. இருவரும் தங்கள் இளமையின் நல்ல ஆண்டுகளை அறிந்தே இழந்தவர்கள். தங்களுக்குச் சமமாக நாற்காலி போடாத நாட்டுக்கு ஒருவர் சரி என்றார், மற்றவர் மாட்டேன் என்றார். எனக்கு இருவர் மேலும் மரியாதை உண்டு. கோபமெல்லாம் கணக்குப் பார்க்காமல் அந்த ஆண்டுகளை எடுத்துக்கொண்டவர்கள் மீதுதான்.

நம் நாட்டில் கட்டாய ஆளெடுப்பு கிடையாது. இரண்டாம் உலகப் போரில்கூட இங்கிருந்த ஐரோப்பியருக்கு மட்டுமே சட்டம் அப்படி வந்தது. இந்தியர் சுமார் 25 லட்சம் பேர் தாமாகச் சேர்ந்தவர்கள். தாமாக என்கிற அந்தச் சொல்லுக்குள் வீட்டு வறுமை எத்தனை பங்கு என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறியும். சுதந்திர இந்தியாவின் படையிலும் அலியின் வயதொத்த ஒரு குத்துச்சண்டை வீரர் இருந்தார்: முரளிகாந்த் பேட்கர். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் அவர் உடலில் குண்டுகள் பாய்ந்தன, முதுகுத்தண்டிலும் ஒன்று. குத்துச்சண்டை அதோடு முடிந்தது. சிகிச்சையின்போது நீச்சல் பழகியவர், 1972இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அது. பத்மஸ்ரீ விருது அவருக்குக் கிடைக்க 2018 ஆகிவிட்டது. நாற்பத்தாறு ஆண்டுத் தாமதத்தை எந்த விருது ஈடுகட்டும்?

திண்டுக்கல்லில் விடிவதற்கு முன்பே சாலையோரம் ஓடும் பையன்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கபடி ஆடுபவர், சிலம்பம் சுற்றுபவர், பாக்ஸிங் பழகுபவர் என்று பலருக்கும் பட்டாளம்தான் கண்ணுக்குத் தெரிகிற வேலை. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் பதினேழரை வயதிலிருந்து சேரலாம். நான்கு ஆண்டு முடிந்ததும் நான்கில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். போகிற பிள்ளைகளைத் தடுக்க இதை எழுதவில்லை. அவர்கள் ஓட்டத்தில் இருக்கும் ஆசை எனக்குப் பிடித்தமானது. ஆனால் மீதி மூவர் 22, 23 வயதில் வேடசந்தூருக்கும் நத்தத்துக்கும் திரும்பி வரும்போது, அந்த உடம்பையும் பயிற்சியையும் வரவேற்க ஒரு மைதானமும் ஒரு வேலையும் இங்கே தயாராக இருக்க வேண்டும் என்று உரக்கக் கேட்கிறேன்.

உங்கள் குடும்பத்தில் பட்டாளத்தில் இருந்துகொண்டே கையுறை மாட்டியவர், கோல்போஸ்ட் காத்தவர், ஓடியவர் யாராவது இருந்தால் எழுதுங்கள். ரெஜிமென்ட், ஆண்டு, ஆடிய விளையாட்டு, திரும்பி வந்த பிறகு என்ன செய்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்