கால் வலிமை மட்டும் போதாது!
கயிலை, அமர்நாத் செல்லும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் கிரிவலம் வருகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. “14 கிலோமீட்டரை வெறுங்காலோடு சுற்றுகிற உடம்பு இது. கயிலாயம் என்ன, அமர்நாத் என்ன, எங்கே வேண்டுமானாலும் போய் வரும்!” என்பார்கள்.

இந்த நம்பிக்கையில் பாதி சரி. நடந்து பழகிய கால்கள் எந்த யாத்திரைக்கும் உதவும். மறுபாதியில்தான் அபாயம் இருக்கிறது. உயரமான மலைகளில் முதலில் தடுமாறுவது கால் அல்ல, மூச்சு!

இரண்டு மலைகள்

அண்ணாமலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,668 அடி உயரம். பக்தர்கள் வலம் வரும் பாதையோ அடிவாரத்துச் சமவெளி.

திபெத்தில் உள்ள கயிலாய மலையையும் இதேபோல் வலம் வருகிறார்கள். அந்தப் பாதை 52 கிலோமீட்டர். மானசரோவர் ஏரியே சுமார் 15,000 அடி உயரத்தில் இருக்கிறது. வலம் வரும் வழியில் உள்ள டோல்மா கணவாய் சுமார் 18,500 அடி!

அமர்நாத் குகை 12,756 அடி. பால்டாலிலிருந்து அங்கே போகும் பாதை 14 கிலோமீட்டர். கிரிவலத்தின் தூரமும் அதே 14 தான். ஆனால் தூரம் ஒன்றாக இருப்பதால் பயணமும் ஒன்றாகிவிடாது.

தமிழ்நாட்டிலேயே உயரமான இடம் நீலகிரியில் உள்ள தொட்டபெட்டா. அதன் உயரம் 8,650 அடி. மலைநோய் பெரும்பாலும் தொடங்குவதே 8,000 அடிக்கு மேல்தான். ஆகவே, இமயமலையின் உயரத்துக்கு உடம்பைப் பழக்கிக்கொள்ளத் தமிழ்நாட்டில் இடமே இல்லை. அந்தப் பழக்கம் அங்கே போன பிறகுதான் வர வேண்டும்.

காற்று ஏன் போதவில்லை?

பஞ்சு மூட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், அடி மூட்டை நன்றாக நசுங்கியிருக்கும். மேல் மூட்டை தளர்வாக இருக்கும். காற்றும் அப்படித்தான். கடற்கரையில் அது நெருக்கமாக இருக்கிறது. மேலே போகப் போக மெலிந்துவிடுகிறது.

எங்கே போனாலும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் பிராணவாயு. ஆனால் காற்றே மெலிந்துவிடுவதால், கேதார்நாத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு சமவெளியில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். டோல்மா கணவாயில் ஏறக்குறைய பாதி!

இதைச் சமாளிக்க உடம்புக்குத் தெரியும். மூச்சு வேகமாகும். இதயம் வேகமாகத் துடிக்கும். ரத்தத்தில் ஏற்படும் மாறுதலைச் சிறுநீரகம் சில நாட்களில் சரிசெய்யும். சில வாரங்களில் ரத்தத்தின் சிவப்பணுக்களும் பெருகும். இவற்றுக்கெல்லாம் வேண்டியது ஒன்றே ஒன்று: அவகாசம்.

பணம் கொடுத்தோ, பலத்தைக் காட்டியோ அந்த அவகாசத்தைக் குறைக்க முடியாது. தினமும் ஓடிப் பழகிய இளைஞனுக்கும் மலைநோய் வரும். சொல்லப்போனால், பலசாலிதான் வேகமாக ஏறி விரைவில் மாட்டிக்கொள்கிறான்.

ராணுவம் கற்ற பாடம்

1962ஆம் ஆண்டு சீனப் போரின்போது, சமவெளியில் இருந்த இந்திய வீரர்கள் அவசர அவசரமாக இமயமலைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் திடகாத்திரமான வாலிபர்கள். அப்படியும் பலர் மலைநோயில் விழுந்தார்கள்.

ராணுவ டாக்டர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் மலைநோய் கண்ட 1,925 வீரர்களை ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சி 1969இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாயிற்று. உலகமெங்கும் மலைநோயைப் பற்றிப் படிக்கிறவர்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள்.

இன்று நமது ராணுவத்தின் வழக்கம் என்ன? 9,000 அடிக்கு மேல் போகிற வீரர் முதலில் 6 நாள் அங்கே தங்கிப் பழக வேண்டும். 12,000 அடிக்கு மேல் இன்னும் 4 நாள். 15,000 அடிக்கு மேல் மறுபடியும் 4 நாள். ஆக மொத்தம் 14 நாள்!

துப்பாக்கி தூக்கும் வீரருக்கே 14 நாள் வேண்டும் என்றால், அறுபது வயதுத் தாயாரை மூன்றே நாளில் 15,000 அடிக்கு ஏற்றுவது எந்த நியாயம்?

அவசர யாத்திரை

இன்று எல்லாம் வேகமாகிவிட்டது. கேதார்நாத்துக்கு அடிவாரத்திலிருந்து ஹெலிகாப்டர் சில நிமிடங்களில் போய்விடுகிறது. நேபாளம் வழியாகக் கயிலை செல்கிறவர்களை, சிமிகோட்டிலிருந்து சுமார் 12,000 அடி உயரத்தில் உள்ள ஹில்சாவில் ஹெலிகாப்டர் இறக்கிவிடுகிறது. பனிச்சறுக்கு விளையாடக் காஷ்மீரத்துக் குல்மார்க் போகும் இளைஞர்களையும் ரோப் கார் சுமார் 13,000 அடிக்கு ஏற்றிவிடுகிறது. ஏறும் காரணம் பக்தியா விளையாட்டா என்று மலை கேட்பதில்லை. அங்கே எல்லாருக்கும் ஒரே விதிதான்.

வேகமாக ஏற்றிவிடுவது யந்திரத்தின் கெட்டிக்காரத்தனம். அந்த வேகத்துக்கு உடம்பு பொறுப்பல்ல.

“லீவு கிடைப்பதில்லை, நாள் கூடினால் செலவும் கூடுமே” என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இடையில் இரண்டு நாள் தங்குவதற்கு ஆகும் செலவைவிட, ஒருவரை மலையிலிருந்து தூக்கிக்கொண்டு இறங்குவதற்கு ஆகும் செலவு பல மடங்கு. உயிருக்கோ விலையே இல்லை.

ஆகையால், யாத்திரைக்குப் பணம் கட்டும் முன்பு “எவ்வளவு ரூபாய்?” என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. “ஒவ்வோர் இரவும் எத்தனை அடி உயரத்தில் தூங்க வேண்டும்? ஓய்வு நாட்கள் எத்தனை?” என்றும் கேட்க வேண்டும். சுமார் 10,000 அடிக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 1,600 அடிக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். இதுவே மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாதவர்களிடம் பெற்றோரை ஒப்படைக்கக் கூடாது.

மத்திய அரசு நடத்தும் கயிலை யாத்திரை ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு 2025இல் மீண்டும் தொடங்கியது. அதில் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கே இடம். லிபுலேக் வழியே போகிறவர்களுக்கு டெல்லியில் ஒரு முறையும், மலை வழியில் குஞ்சியில் மறு முறையும் உடல் பரிசோதனை உண்டு. தேறாதவர் திரும்ப வேண்டியதுதான். கண்டிப்பு என்று இதை வெறுக்கக் கூடாது. தனியார் யாத்திரைகளிலும் இதே கண்டிப்பு வேண்டும்.

மறைக்கக் கூடாத தலைவலி

மலைநோயின் முதல் அடையாளம் தலைவலி. பிறகு குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், தூக்கமின்மை. உயரமான இடத்துக்குப் போன சில மணி நேரத்தில் இவை தெரியும்.

“என்னம்மா, முகம் வாடியிருக்கிறதே?” என்று மகன் கேட்பான். “ஒன்றுமில்லையப்பா, பஸ்ஸில் வந்த அலுப்பு” என்பார் தாய். உண்மையைச் சொன்னால் தரிசனம் கிடைக்காதோ என்ற பயம். தன்னால் மற்றவர்களுக்குத் தாமதமாகுமே என்ற கூச்சம். இந்த மௌனம்தான் ஆளைக் கொல்கிறது!

தலைவலி இருக்கும்போது மேலே ஏறவே கூடாது. அங்கேயே ஓய்வெடுக்க வேண்டும். ஓய்ந்தும் குறையாவிட்டால் கீழே இறங்க வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலோடு நுரை வந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், மூளை வீங்கியிருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. பிராணவாயு கொடுத்து, இரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே தினமும் நடக்கவும் படி ஏறவும் பழக வேண்டும். அதற்குக் கிரிவலப் பாதையைவிட நல்ல இடம் ஏது?

இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை, நுரையீரல் ஆகியவற்றை டாக்டரிடம் காட்ட வேண்டும். முக்கியமாகப் பெண்கள் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிராணவாயுவைச் சுமந்து செல்வதே ரத்தம்தான். இருந்தால், புறப்படும் முன்பே குணப்படுத்திக்கொள்ள வேண்டும்.

மலைநோயைத் தடுக்க அசிடசோலமைடு என்ற மாத்திரை இருக்கிறது. அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. டாக்டர் சொல்லாமல், பக்கத்து வீட்டார் கொடுத்தார் என்று விழுங்கக் கூடாது. மலையில் மது, புகை, தூக்க மாத்திரை மூன்றையும் தொடவே கூடாது.

கடைசியாக ஒன்று. புறப்படும் முன்பே குடும்பத்தார் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும்: “யாருக்கு முடியாமல் போனாலும் ஒருவர் துணைக்குத் திரும்புவோம். யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது.” இந்த ஒரு வார்த்தை இருந்தால், வயதானவர்கள் தலைவலியை மறைக்க மாட்டார்கள்.

பாதி வழியில் திரும்புவது பக்திக்குக் குறைவல்ல. கயிலையில் இருக்கிற சிவன்தான் அண்ணாமலையிலும் இருக்கிறான் என்பது பக்தர்களின் நம்பிக்கை. உயிரோடு திரும்பி வருகிறவருக்கு அடுத்த பௌர்ணமியும் உண்டு; அடுத்த வருஷக் கயிலையும் உண்டு!