கோவல் நாட்டுப் பள்ளிகள் எவருடைமை?

திருக்கோவிலூரின் பெருமை பேசுவார்க்குச் செய்திப் பஞ்சம் இல்லை. மலையமான் திருமுடிக்காரியின் தலைநகராகிய கோவல் இதுவே. பாரி மகளை மலையர்க்கு மணஞ்செய்து கொடுத்தபின் கபிலர் எரிபுகுந்தார் என்று இவ்வூர் வீரட்டானக் கோயிற் கல்வெட்டுக் கூறும். அவர் பெயரால் தென்பெண்ணையாற்றின் நடுவே ஒரு குன்று இன்றும் நிற்கின்றது. இதே பகுதியிலுள்ள சம்பையில், அதியமான் நெடுமான் அஞ்சி துறவியர்க்குப் பாழி ஈந்த செய்தி, தமிழி எழுத்தில் வெட்டப்பட்டிருப்பது 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. கோவல் நாடு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே எழுத்தறிந்த நாடு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

ஆயினும், கல்லில் வெட்டிய எழுத்து மட்டும் ஒரு மொழியைக் காப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளின் விரல்நுனியில் ஏறிய எழுத்தே காத்தது. அவ்வெழுத்தை ஏற்றிவைத்த சிற்றூர்ப் பள்ளிகளின் வரலாறு மேடைகளில் பேசப்படுவதே இல்லை. பேசப்பட்டால், அதன் முடிவில் ஒரு கசப்பான வினா எழும் என்பதும் அதற்கு ஒரு கரணியமாகலாம்.

பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தின் எண்ணாயிரம் என்னும் ஊரில், பதினோராம் நூற்றாண்டில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் ஒரு பெருங்கல்லூரி இருந்தது. இளநிலை மாணவர் 270 பேர்; முதுநிலை மாணவர் 70 பேர்; ஆசிரியர் 14 பேர். அவர்க்கென நெல்லும் பொன்னும் ஒதுக்கினர். பயிற்றியவை யாவை? நான்கு வேதங்கள், வடமொழி இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம். தமிழ்வேந்தன் ஆண்ட நாட்டில், தமிழ் உழவன் விளைத்த நெல்லில், தொல்காப்பியத்திற்கென்று அக்கல்லூரியில் ஓர் இருக்கையும் ஒதுக்கப்படவில்லை. அரசின் நெல் வடமொழிக்குச் சென்ற அக்காலத்தும் தமிழ் அழிந்துபடவில்லை. அதனை ஊரார் தம் திண்ணையில் வைத்துக் காத்தனர்.

அத்திண்ணைப் பள்ளிகள் எத்துணை என்பதை ஆங்கிலேயரே கணக்கிட்டனர். சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822ஆம் ஆண்டு கல்விநிலையை அறிய ஆணையிட்டார். 1826ஆம் ஆண்டு அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணம் முழுமையும் 12,498 பள்ளிகள் இருந்தன. தென்னார்க்காட்டில் மட்டும் 875 பள்ளிகள். மாணவர் பதினாயிரவர்க்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோர் பார்ப்பனரல்லாத உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். தமிழர்க்குக் கல்வியைக் கொண்டுவந்தது ஆங்கிலமே என்பார் இக்கணக்கைப் படித்துப் பார்க்க.

மணலில் விரலால் எழுதத் தொடங்கிய பிள்ளை, பின்பு எழுத்தாணி பிடித்து ஓலையில் எழுதினான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு, எண்சுவடி, குழிமாற்று ஆகியன மனப்பாடமாயின. முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. மா என்றால் இருபதில் ஒன்று. இவற்றைப் பெருக்கவும் கூட்டவும் எழுதுகோல் வேண்டாத தலைகள் அத்திண்ணையில் உருவாயின. நிலமளப்பும் நெல்லளப்பும் பொன்னளப்பும் தமிழிலேயே நடந்தன. உவா நாட்கள் விடுமுறை. ஆசிரியர்க்கு அறுவடைக் காலத்தில் ஊரார் நெல் அளந்தனர். பள்ளி ஊருடைமையாக இருந்தது. ஆசிரியர் ஊரார்க்குக் கடமைப்பட்டவராக இருந்தார்.

எனினும் உண்மையை மறைத்தல் தமிழ்த்தொண்டு ஆகாது. அத்திண்ணையில் பெண்குழந்தைகள் மிகமிகச் சிலரே அமர்ந்தனர். சேரியில் பிறந்த பிள்ளைக்கு அத்திண்ணையின் படியும் எட்டாதிருந்தது. ஊருடைமை என்னும்போது, ஊர் என்பது எவரெவரை உள்ளடக்கியது என்னும் கேள்வியையும் உடன் கேட்டல் வேண்டும். தமிழைக் காத்த திண்ணையே தமிழரிற் பெரும்பகுதியினரை வெளியே நிறுத்திய திண்ணையுமாம்.

இக்குறையை நீக்கியது பொதுப்பள்ளி. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாவட்டக் கழகங்களும் வட்டக் கழகங்களும் தோன்றின. அவை நடத்திய பள்ளியை மக்கள் ‘போர்டு பள்ளிக்கூடம்’ என்றனர். 1920ஆம் ஆண்டின் தொடக்கக்கல்விச் சட்டம் அவற்றைப் பெருக்க வழிசெய்தது. ஊர்ப்பெருமக்கள் விரும்பினும் விரும்பாவிடினும் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் அமரும் நிலை சிறிது சிறிதாக உருவாயிற்று. 1953ஆம் ஆண்டு இராசகோபாலாச்சாரியார், சிற்றூர்ப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் படித்தாற் போதும், எஞ்சிய நேரம் தந்தையின் தொழிலைப் பழகுக என்று ஒரு திட்டம் கொணர்ந்தார். நகரப் பிள்ளைக்கு அத்திட்டம் இல்லை! தமிழ்நாடு கொதித்தெழுந்தது, 1954ஆம் ஆண்டு காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. பின்பு நண்பகல் உணவு வந்தது. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊரார் நிலமும் கட்டடமும் இருக்கையும் கரும்பலகையும் தாமே கொடுத்தனர். அரசும் ஊரும் கைகோத்து நின்ற காலம் அது. திண்ணைக்கு இருந்த உரிமையுணர்வும் பொதுப்பள்ளிக்கு இருந்த சமன்மையும் ஒருங்கே பொருந்திய காலமும் அதுவே.

அதன்பின் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் கீழ் வந்தன. 1981ஆம் ஆண்டு ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். ஆசிரியர்க்கு உறுதியான சம்பளம் கிடைத்தது, அஃது அறமே. ஆயின் அதனோடு ஊரின் பிடியும் நழுவிற்று. பள்ளியின் ஓடு உடைந்தால் அரசு பார்த்துக்கொள்ளும் என்று ஊர் ஒதுங்கியது. தென்னார்க்காடு என்றிருந்த பெயர்ப்பலகை 1993ஆம் ஆண்டு விழுப்புரம் என்றும், 2019ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி என்றும் மாறியது. பலகை மாறியதைக் கண்ட ஊர், பள்ளிக்குள் மொழி மாறியதைக் காணவில்லை.

நிற்க. தொடக்கக்கல்வி தமிழ்வழியிலேயே அமைதல் வேண்டும் என்று 1999ஆம் ஆண்டு பிறந்த அரசாணை 2000ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத்தில் வீழ்ந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை ஒரு பாடமாகக் கட்டாயமாக்கியதேயன்றிப் பயிற்றுமொழியாக ஆக்கவில்லை. 2012ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டன. கல்வியுரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்கட்குரிய கட்டணத்தைப் பொதுப்பணமே சுமக்கின்றது. அவ்விடங்களோ பெரும்பாலும் ஆங்கிலவழி இடங்கள். எண்ணாயிரத்தில் தமிழன் நெல் வடமொழிக்குச் சென்றது; இன்று தமிழன் வரிப்பணம் ஆங்கிலத்திற்குச் செல்கின்றது. வேற்றுமை என்ன? அன்று ஊர்த்திண்ணையாவது தமிழுக்கு இருந்தது. இன்று அத்திண்ணையின் வாயிலிலேயே ஆங்கிலவழிப் பள்ளியின் மஞ்சள் ஊர்தி வந்து நிற்கின்றது.

2019ஆம் ஆண்டு, ஒரு மாணவரும் சேராத நாற்பதுக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகளை நூலகங்களாக மாற்ற அரசு முடிவுசெய்தது. பிள்ளைகள் இல்லாத பள்ளி, படிப்பார் இல்லாத நூலகமாகத்தான் முடியும். அப்பள்ளிகளை மூடியது அரசு மட்டுமா? அரசு பூட்டியது கதவை. பிள்ளையை முன்பே வெளியேற்றியவர் பெற்றோர். அப்பெற்றோருள் தனித்தமிழ்ப் பற்றாளரும் இல்லையெனச் சொல்ல இயலுமா? மேடையில் ‘பஸ்’ என்பதைப் பேருந்து என்று திருத்திவிட்டு, மறுநாட் காலை தம் பெயரனை ஆங்கிலவழிப் பள்ளியின் பேருந்தில் ஏற்றிவிடும் கைகள் எத்துணை! அயற்சொல்லைக் களையும் முயற்சி வேண்டுவதே. அயல்வழிக் கல்வியைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டு செய்யும் களையெடுப்போ, வேரை விட்டு இலை கிள்ளுவதாகும்.

‘தமிழ்வழிப் படித்தால் வேலை கிடைக்குமா?’ என்பர். ஏழைப் பெற்றோரின் அவ்வச்சம் எள்ளத்தக்கதன்று. அரசுப் பணிகளில் தமிழ்வழிப் படித்தோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதனை ஒவ்வொரு வீட்டிற்கும் சென்று சொல்லவேண்டியோர் தமிழ்ப்பற்றாளரே. ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பிக்க வேண்டும் என்று கேட்பதும் தமிழ்ப்பகை ஆகாது. கற்பிக்கும் மொழி தமிழாக இருத்தலே உயிர்நிலை.

செய்யவேண்டியது அரிதன்று. சட்டப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதன் உறுப்பினரில் முக்காற் பங்கினர் பெற்றோராகவும், செம்பாதியர் பெண்டிராகவும் இருத்தல் வேண்டும். பழைய திண்ணைக்கு ஊர் வைத்திருந்த உரிமை, எந்தச் சேரியையும் எந்தப் பெண்ணையும் விலக்காத வடிவில், இன்று ஊரின் கைக்கே மீண்டுவந்துள்ளது. அக்குழுவில் அமர்க. ஓடு உடைந்தால் கேட்க. ஆசிரியர் இடம் ஒழிந்திருந்தால் கேட்க. தமிழ்வழிப் பிரிவை மூட வந்தால் எதிர்த்து நிற்க. அனைத்திற்கும் முன்னே, தம் வீட்டுப் பிள்ளையை அப்பள்ளியிற் சேர்க்க. பிள்ளையைச் சேர்க்காதவன் கேள்விக்கு அங்கே மதிப்பிராது.

கபிலர் குன்றைக் காட்டிப் பெருமை கொள்வது எளிது. அக்குன்றின் நிழலிலுள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒரு பிள்ளை ‘அ’ எழுதினால்தான், நாளை அக்கபிலர் எவர் என்று கேட்கவும் ஒருவர் இருப்பார்.