அருகில் அமர்ந்து கற்பிப்போம்



தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அத்தொடக்க விழா நிகழ்ந்தது நமது திருவள்ளூர் மாவட்டத்திலேயே என்பது பலருக்கு நினைவிருக்கலாம். அதன் பின்னர் கணினி என்பது செல்வர் வீட்டுப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. கூலி வேலை செய்வோர் இல்லங்களுக்குள்ளும் அது நுழைந்தது. ஆயினும், இயந்திரம் வந்த வேகத்தில் அதனைக் கற்பிக்கும் துணை வந்து சேரவில்லை. படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் பயன்பட்ட அளவுக்கு அது தொழில் கற்கப் பயன்பட்டதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊத்துக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களின் இளைஞர் பலர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுள் சிலரும், கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகளும், வீட்டுக் கணினியிலேயே இணையதளம் அமைக்கும் தொழிலைக் கற்க விரும்புகின்றனர். நல்ல விருப்பந்தான். ஆனால் அவர்களுள் பலர் முதல் நாளிலேயே மனம் தளர்ந்துவிடுகின்றனர். பாடம் கடினமென்பதால் அன்று. பாடம் தொடங்குமுன் அதற்குரிய மென்பொருள்களைக் கணினியில் நிறுவ வேண்டும், அங்கேயே கால் இடறுகிறது. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி தோன்றுகிறது. தமிழ் வழியில் பயின்ற பெண்ணொருத்தி அதனைக் கண்டதும், தன்னை யாரோ கடிந்துகொண்டதாகவே எண்ணுகிறாள். "எனக்கு இதற்குரிய அறிவில்லை" என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக் கணினியை மூடிவிடுகிறாள். அது பொய்த் தீர்ப்பு. ஆனால் அதனை மாற்றி எழுத அருகில் ஒருவர் வேண்டும்.

அவள் நிறுவ முயன்றது யாது? வீடு கட்டுவோர் கதவையும் சன்னலையும் தாமே இழைப்பதில்லை. தச்சர் செய்து வைத்ததை வாங்கிப் பொருத்துகின்றனர். அதுபோலவே இணையதளம் அமைப்போர்க்கும், கடவுச்சொல்லைச் சரிபார்த்தல், தகவல்களைச் சேமித்தல் போன்ற பொது வேலைகளை முன்னரே செய்து வைத்த தொகுப்புகள் உண்டு. இவற்றை ஃபிரேம்வொர்க் என்பர். பைத்தான் என்னும் கணினி மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ அவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்னும் ஊரின் நாளிதழ் அலுவலகத்தில், 2003ஆம் ஆண்டில் ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்னும் இருவர் அதனைத் தொடங்கினர். 2005ஆம் ஆண்டு ஜூலையில் அது அனைவர்க்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கிட்டார்க் கலைஞரின் பெயரையே அதற்கு இட்டனர். 1928இல் நேர்ந்த தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் செயலற்றுப் போன பின்னரும், எஞ்சிய விரல்களைக் கொண்டு புதிதாக வாசிக்கப் பழகி உலகப் புகழ் பெற்றவர் அவர். முதல் நாளில் மனம் தளர்வோர்க்கு இப்பெயரே ஒரு பாடமன்றோ!

தொடக்கத்தில் இடறுவோர்க்குத் துணை வேண்டும் என்பதை உணர்ந்து, 2014ஆம் ஆண்டு ஜூலையில் போலந்து நாட்டைச் சேர்ந்த இரு பெண்கள் பெர்லின் நகரில் ஒரு பயிற்சி முகாம் நடத்தினர். ஜாங்கோ கேர்ள்ஸ் என்பது அதன் பெயர். கணினி மொழி எதுவும் அறியாத பெண்களுக்கே அது நடத்தப்பட்டது, கட்டணம் இல்லை. ஏறத்தாழ மூவருக்கு ஒருவர் என்ற கணக்கில், அறிந்தோர் அருகிலேயே அமர்ந்து துணைபுரிவதே அம்முகாம்களின் வழக்கம். பின்னர் உலகின் பல நாடுகளிலும் இத்தகைய முகாம்கள் நடைபெற்றன. அங்குக் கற்பிக்கப்படும் பாடம் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நம் தமிழகத்திலும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமப்புற மாணவர்க்கு இத்துறைகளைக் கற்பித்து வருகின்றனர். 2012இல் தொடங்கிய கணியம் இதழ், இத்தகைய பாடங்களைத் தமிழிலேயே தந்துள்ளது.

நம் இல்லங்களில் நடப்பதோ வேறு. சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் அண்ணன், ஞாயிறு திருப்பலி முடிந்து வீட்டுக்கு வருகிறான். தங்கை தன் இடரைச் சொல்கிறாள். "நகர்ந்து உட்கார், நான் செய்து தருகிறேன்" என்று கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அவனுக்கு நன்றியும் கிடைக்கிறது. நல்ல சாப்பாடும் கிடைக்கிறது. திங்கட்கிழமை தங்கை மீண்டும் அக்கறுப்புத் திரையைத் திறக்கிறாள். ஜாங்கோ என்பதே இங்கு இல்லை என்று கணினி கூறுகிறது. உண்மையில் அது அங்கேதான் இருக்கிறது. அண்ணன் அதனைத் தனி அறை போன்ற ஓர் இடத்தில் நிறுவியிருந்தான். ஒவ்வொரு முறையும் அவ்வறையைத் திறந்தே உள்ளே செல்ல வேண்டும். அதனை அவன் சொல்லவில்லை; அவள் கை அதனைச் செய்யவும் இல்லை. உதவி செய்யப்பட்டது, ஆனால் கல்வி நிகழவில்லை.

எனவே துணைபுரிவோர் கருத்தில் கொள்ள வேண்டியவை சில. முதலாவது, விசைப்பலகையைக் கற்பவரிடமே விட்டுவிடுங்கள். உங்கள் கைகள் உங்கள் மடியிலேயே இருக்கட்டும். பத்து நிமிட வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம், ஆகட்டும்.

இரண்டாவது, பெரும்பாலோர் இடறும் இடங்களை முன்னரே அறிந்து வையுங்கள். பைத்தானை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளச் செய்யுங்கள். விண்டோஸ் கணினியில் அதனை நிறுவும்போது, வழக்கமான நிறுவியின் முதல் திரையின் அடியில் ஒரு சிறு கட்டம் இருக்கும். பைத்தான் இருக்குமிடத்தைக் கணினிக்கு அறிவிக்கும் கட்டம் அது. அதனைக் குறியிடாமல் விட்டால், பைத்தான் என்றால் என்னவென்றே தெரியாது எனப் பின்னர் கணினி சாதிக்கும். பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 7 இருப்பின், பைத்தானின் 3.9 முதலான பதிப்புகள் அதில் இயங்கா. அது பிள்ளையின் குற்றமன்று. அத்தகைய கணினிக்கு ஏற்ற லினக்ஸை நிறுவிக்கொள்வது நலம். அதனை நிறுவுமுன் கணினியிலுள்ள படங்களையும் கோப்புகளையும் வேறோரிடத்தில் சேமித்து வையுங்கள். அடுத்து, மேலே சொன்ன தனி அறையை அவள் கையாலேயே உண்டாக்கி, திறந்து, மூடி, மீண்டும் திறக்கச் செய்யுங்கள். திறந்திருக்கும்போது அதன் பெயர் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தோன்றும். அதனை அவளே கண்டு சொல்லட்டும். அதற்குப் பின்னரே ஜாங்கோவை நிறுவ வேண்டும்.

மூன்றாவது, பிழைச் செய்தி வந்தால் நகைக்காதீர்கள், "இதுகூடத் தெரியாதா?" என்ற சொல்லை வாயில் வைக்காதீர்கள். அச்செய்தியை அவளையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பைத்தான் தரும் நீண்ட பிழைச் செய்தியில் காரணம் பெரும்பாலும் கடைசி வரியிலேயே இருக்கும். கடைசி வரியை முதலில் படிக்கப் பழகியவர் பாதி அச்சத்தை வென்றவர். அது கடிந்துரை அன்று. வழிகாட்டும் பலகை என்பது அப்போது விளங்கும்.

எல்லாம் சரியாக அமைந்தால், 127.0.0.1 என்ற முகவரியில், 8000 என்ற வாயிலில், ராக்கெட் படத்துடன் ஒரு பக்கம் தோன்றும். பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. அம்முகவரி அக்கணினியையே குறிப்பது. வெளியார் எவரும் அப்பக்கத்தைக் காண இயலாது. செலவும் பெரிதன்று. பைத்தான் ஏறத்தாழ 30 எம்.பி., ஜாங்கோ ஏறத்தாழ 8 எம்.பி. என்ற அளவே. நிறுவிய பின்னர் இணைய இணைப்பு இல்லாமலேயே பயிற்சி செய்யலாம்.

திருத்தூதர் பணிகள் நூலின் 8ஆம் அதிகாரத்தில் பிலிப்பைக் காண்கிறோம். எத்தியோப்பிய அரசியின் நிதிப் பொறுப்பாளர் தம் தேரில் அமர்ந்து எசாயாவின் நூலைப் படித்துக்கொண்டிருந்தார், பொருள் விளங்கவில்லை. வழிகாட்டுவார் இல்லாமல் எவ்வாறு விளங்கும் என்று அவர் வினவினார். பிலிப்பு தேரில் ஏறி அவரருகே அமர்ந்தார். தேர் அவருடையது, நூலும் அவர் கையிலேயே இருந்தது. அவர் தடுமாறிய பகுதியிலிருந்தே பிலிப்பு தொடங்கினார். திருமுழுக்குக்குப் பின் பிலிப்பு அவர் கண்ணினின்றும் மறைந்தார். அவரோ மகிழ்ச்சியோடு தம் வழியே சென்றார். கற்பித்தவர் அகன்ற பின்னரும் கற்றவர் தம் வழியே செல்ல முடிகிறதா என்பதே நல்ல கற்பித்தலுக்கு உரைகல்.

கணினி அறியாத பெற்றோர் என்ன செய்யலாம் என வினவலாம். ஒரு மேசை, ஒரு விளக்கு, இடையூறில்லாத ஒரு மணி நேரம்: இவற்றை நீங்கள் கொடுக்கலாம். இரவு ஷிப்டு முடிந்து வரும் மகனுக்கு அந்த ஒரு மணி நேரம் பொன்னினும் அரிது. மகன் கற்கும்போது வேலை ஏவாத தாய், மகளுக்கும் அவ்வாறே செய்யட்டும். பணியிலுள்ள இளைஞர்கள் வாரத்தில் ஒரு மணி நேரத்தைத் தம் பங்கின் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். மறைக்கல்வி நடக்கும் அறையே அதற்குப் போதும். அறியாதார்க்கு அறிவு புகட்டுதல் ஆன்ம இரக்கச் செயல்களுள் ஒன்று எனத் திருச்சபை நமக்குக் கற்பித்துள்ளது. அடுத்த ஞாயிறு உங்கள் இல்லத்தில் யாரேனும் அக்கறுப்புத் திரையின் முன் தயங்கி நின்றால், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அருகே அமருங்கள். தட்டுவது மட்டும் அவர்கள் கையாக இருக்கட்டும்.