பென்ஷன் பெறாத ஒற்றன்

வள்ளுவர் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்ப்பது வரையில் அதில் உண்டு. வேலையினின்று நீங்கிய ஒற்றன் என்ன செய்வான் என்பது மட்டும் இல்லை. 1985-இல் அமெரிக்க டெலிவிஷன்காரர்கள் அக்குறையைத் தீர்த்து வைத்தார்கள்.

'தி ஈக்வலைசர்' என்னும் அத்தொடரில் ராபர்ட் மெக்கால் என்ற முதிய உளவாளி, ரகசிய உத்தியோகத்தை உதறிவிட்டு, திக்கற்றவர்கள் தம்மை அழைக்கலாமென்று பத்திரிகையில் விளம்பரம் செய்கிறார். எட்வர்ட் உட்வர்ட் நடித்த அத்தொடர் 1989 வரையில் நடந்தது. நம் தமிழகத்தில் அவருக்கு ஒப்பானவர், 2022-இல் வெளிவந்த லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்'. 1986-இல் சுஜாதாவின் கதையில், இதே பெயர் கொண்ட படத்தில் உளவாளியாக வந்த கமல்ஹாசனே, இதில் குடிகாரனாக வேஷமிட்டு, வளர்ப்பு மகனைக் கொன்ற போதைப்பொருள் கூட்டத்தை வேட்டையாடுகிறார்.

மெக்காலை விரட்டுவது பழைய பாவங்களின் நினைவு. ஆகையால் அவர் துப்பாக்கியை எடுக்கும்போதும் முகத்தில் களிப்பில்லை. விக்ரமிடமோ பீரங்கியே இருக்கிறது, கொட்டகை அதிர்கிறது! எனினும் வீட்டு வேலைக்காரியாக அடங்கிக் கிடந்த மாது, சமயம் வந்ததும் முள்கரண்டி ஏந்திப் போரிட்டு மாளும் கட்டம் ஒன்றே எனக்குப் போதும். அத்தனை பீரங்கிக்கும் அது ஈடாகும்.

நிற்க. என் வகுப்புப் பையன் ஒருவன் கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும். தோல் பதனிடுஞ் சாலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்காக வேலூர்க் குடிமக்கள் மன்றம் 1991-இல் சுப்ரீம் கோர்ட்டை நாடியது. 1996-இல் தீர்ப்புக் கிடைத்தது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் நியாயம் அதில் நிலைபெற்றது. ஆயினும் 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு அதே பாலாற்றைப் பற்றி மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது. இதைப் பாடத்தினிடையே சொன்னேன்.

"முப்பத்துநாலு வருஷம் ஆகிறதே, ஸார்! விக்ரம் வந்திருந்தால்?" என்றான் பையன். வகுப்பு ஆரவாரித்தது.

"வந்தால் யாரைச் சுடுவார்?" என்று கேட்டேன். சினிமாவில் வில்லன் ஒருவன். அவன் வீடும் தெரியும். இங்கே சாலைகளோ நூற்றுக்கணக்கில். அவற்றில் கூலி பெற்று உலை வைக்கும் குடும்பங்களோ ஆயிரக்கணக்கில். முதலாளியையா, அனுமதித்த அதிகாரியையா, தோலை வாங்கும் அயல்நாட்டு வியாபாரியையா?

பையன் பதில் சொல்லவில்லை. அவன் தகப்பனார் தோல் பதனிடுஞ் சாலையில்தான் வேலை செய்கிறார்.