உறுமலும் பாட்டுத்தான்

"மெட்டல் பாடகர்கள் ஒரு காலத்தில் பாடினார்கள், இப்போது வெறுமனே கத்துகிறார்கள்." மெட்டலே ஆகாதவர்கள் இப்படிச் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். சொல்பவர்களோ வானுயரக் குரல் பாடகர்களான ராப் ஹால்ஃபோர்டையும் ரோனி ஜேம்ஸ் டியோவையும் புரூஸ் டிக்கின்சனையும் கேட்டே வளர்ந்தவர்கள். அவர்களுடைய காதுக்கு மரியாதை உண்டு. அவர்கள் சொல்லும் வரலாறுதான் இடிக்கிறது.

எல்லாரும் பாடிக்கொண்டிருந்த அந்தப் பொற்காலம் எது? ஹெவி மெட்டல் பிறந்தது இங்கேதான் என்று பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளும் பிளாக் சாபத்தின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரியில் வந்தது. பர்மிங்ஹாம் தொழிற்சாலைப் பகுதிப் பையன்கள் நால்வர். பாடிய ஆஸி ஆஸ்போர்னுக்கு ஓபெராத் தொண்டை கிடையாது. அதே ஆண்டில் வந்த 'அயர்ன் மேன்' பாட்டில் கிட்டார் போகும் வழியிலேயே அவர் குரலும் போகும். 1975இல் மோட்டர்ஹெட்டைத் தொடங்கிய லெம்மி, மைக்கை உயரத்தில் மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி கரகரத்தார். 1981இல் நியூகாசிலிலிருந்து வெனம் குழு 'வெல்கம் டு ஹெல்' ஆல்பத்தோடு வந்தபோது, க்ரோனோஸ் குரைத்தார் என்றே சொல்லலாம். டிக்கின்சன் அயர்ன் மெய்டனில் பாடிய முதல் ஆல்பமோ 1982இல்தான் வெளிவந்தது. அதற்கு முந்தைய இரண்டில் பாடிய பால் டியானோவின் குரலில் பங்க் வாடை தூக்கலாகவே அடிக்கும். அதாவது வானுயரக் குரலும் முரட்டுக் குரலும் ஒரே நாட்டில், ஏறக்குறைய ஒரே காலத்தில், பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தவை. முன்னது சரிந்து பின்னது வந்ததாகச் சொல்வது, பிடித்த ஆல்பங்களை மட்டும் அடுக்கி வைத்துப் பார்ப்பதால் வரும் மயக்கம். அது இருக்கட்டும், 'பெயின்கில்லர்' பாட்டில் 1990இல் ஹால்ஃபோர்டே செய்ததை எந்தப் பாட்டு வாத்தியார் சுத்தமான குரல் என்று ஏற்பார்?

அடுத்தது, "இதற்கு என்ன திறமை வேண்டும்? யார் வேண்டுமானாலும் கத்தலாமே." கத்திப் பாருங்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் தொண்டை கட்டிவிடும். க்ரௌல் என்கிற உறுமலில் நடப்பது வேறு. நம் குரல்வளையில் இரண்டு ஜோடி மடிப்புகள் உண்டு. கீழே இருப்பவை குரல் நாண்கள். பேச்சும் பாட்டும் அவற்றின் அதிர்விலிருந்து வருகின்றன. அவற்றுக்குச் சற்று மேலே பொய்க் குரல் நாண்கள். விழுங்கும்போதும் முக்கும்போதும் மூச்சுக்குழலை மூட உதவுவது அவற்றின் அன்றாட வேலை. உறுமுகிறவர்கள் இந்த மேல் மடிப்புகளையும் குரல்வளை வாயில் உள்ள மற்றத் திசுக்களையும் அதிரவைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். நாக்கையும் வாயின் வடிவத்தையும் மாற்றினால் அதே ஒலி பன்றிக் கத்தலாகவும் ஆகும், பாதாள முழக்கமாகவும் ஆகும். வயிற்றிலிருந்து வரும் மூச்சு சீராக இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. வெளியே கேட்கிற அளவுக்கு உள்ளே சத்தமும் கிடையாது. பாதி வேலையை மைக் பார்த்துக்கொள்ளும்.

இது மெட்டல்காரர்கள் கண்டுபிடித்த சமாச்சாரமும் இல்லை. ரஷ்யாவின் தூவா பகுதிப் பாடகர்களின் கர்கிரா முறையில் பொய்க் குரல் நாண்கள் உண்மை நாண்களின் பாதி வேகத்தில் அதிர்வதால் ஒரு முழு ஸ்தாயி கீழே ஒலி பிறக்கிறது. சார்டீனியத் தீவின் நால்வர் பாட்டில் அடிக்குரல் பாடுபவர் செய்வதும் இதற்கு நெருங்கிய உறவு. லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரப்பில் சொக்கிப்போகிறவர்கள் மெட்டல் உறுமலில் மட்டும் முகம் சுளிப்பதன் காரணம் தொண்டையில் இல்லை என்று நினைக்கிறேன்.

"சரி, ஆனால் தொண்டை கெட்டுப்போகுமே?" தவறாகச் செய்தால் கெடும், இதில் இரண்டு கருத்தில்லை. யாரையோ பார்த்து, கழுத்து நரம்பு புடைக்கக் குரல் நாணை இறுக்கி உறுமும் பையனுக்கு மறுநாள் பேச்சு வராது. ஆனால் குரலை இழந்தவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1997இல் தொண்டை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பழைய குரல் திரும்பவே வராத ஜூலி ஆண்ட்ரூஸ் உறுமியவர் அல்ல. 2011இல் குரல் நாணில் அறுவை செய்துகொண்ட அடெலும் அல்ல. மெட்டாலிக்காவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் 90களின் தொடக்கத்தில் குரல் அடிபட்ட பிறகே ஆசிரியரிடம் போய்ப் பயிற்சி எடுத்தார். மறுபக்கம், நேபாம் டெத் குழுவில் பார்னி க்ரீன்வே 1989 முதல் உறுமிக்கொண்டிருக்கிறார். கேனிபல் கார்ப்ஸ் குழுவில் ஜார்ஜ் ஃபிஷர் 1995 முதல். நியூயார்க்கில் குரல் பயிற்சி தரும் மெலிசா கிராஸ் 2005இலேயே இதற்கென்று பாட டிவிடி கொண்டுவந்துவிட்டார். லோர்னா ஷோர் குழுவின் வில் ராமோஸ் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன் தொண்டைக்குள் கேமராவை இறக்கவிட்டு உறுமிக் காட்டியிருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகும் இது வெறும் கத்தல் என்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

வார்த்தை புரியவில்லை என்பது பழைய புகார். நியாயமானதும்கூட. ஆனால் ஓபெரா அரங்குகளில் மேடைக்கு மேலே வரிகளை ஓடவிடுகிறார்களே, எதற்கு? 1983இல் டொரன்டோவில் தொடங்கிய பழக்கம் அது. வேற்றுமொழி மட்டும் காரணமல்ல. பெண்குரல் உச்சத்துக்குப் போகும்போது உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து, தாய்மொழிக்காரருக்கும் புரியாமல் போகும். அங்கே அதைக் கலையின் விலையாக ஏற்கிறோம். மெட்டல் ரசிகர்கள் ஆல்பத்தோடு வரும் சிறு புத்தகத்தில் வரிகளைப் படித்துக்கொள்வார்கள். (கேனிபல் கார்ப்ஸின் கொடூரமான வரிகள் காதில் விழாமல் இருப்பதே பலருக்கு நல்லது, அது வேறு விஷயம்.) பிரான்ஸின் கோஜிரா குழுவில் ஜோ டூப்ளாண்டியே முழங்குவது பெரும்பாலும் தெளிவாகவே கேட்கும். 2005இல் வந்த 'ஃப்ரம் மார்ஸ் டு சிரியஸ்' ஆல்பம் திமிங்கிலங்களையும் பூமியின் அழிவையும் பற்றியது. 2024 ஜூலை 26 அன்று பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அதே முழக்கம் ஓபெராப் பாடகி மரினா வியோட்டியின் குரலுக்குப் பக்கத்திலேயே ஒலித்தது. ஒன்று மற்றொன்றைக் கெடுத்ததாகத் தெரியவில்லை.

குரல் ஏன் இறங்கியது என்ற கேள்விக்கும் விடை பாடகரிடம் இல்லை, கிட்டாரில் இருக்கிறது. ஆலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்த பிளாக் சாபத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, தந்திகள் தளர்வாக இருக்கட்டும் என்று 1971இன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சுருதியை ஒன்றரைக் கட்டை இறக்கினார். பிறகு வந்தவர்கள் இன்னும் இறக்கினார்கள், வேகத்தைக் கூட்டினார்கள், ஒலியைக் கரகரப்பாக்கினார்கள். இப்படி நடுப்பகுதி முழுவதையும் கிட்டார் அடைத்துக்கொண்ட பிறகு குரலுக்கு இரண்டே வழி: ஹால்ஃபோர்டைப் போல அதற்கு மேலே ஏறுவது, அல்லது அந்தக் கரகரப்பிலேயே கலந்து தாளமாக மாறுவது. 1985இல் பொசெஸ்ட் குழுவின் 'செவன் சர்ச்சஸ்', 1987இல் டெத் குழுவின் 'ஸ்க்ரீம் ப்ளடி கோர்' எல்லாம் இரண்டாவது வழி. டிரம்ஸ் விடாமல் பொழியும் இடத்தில் நீண்ட ராகம் உட்காராது. வெட்டி வெட்டி விழும் சொல் உட்காரும்.

"பாட வராதவர்களின் புகலிடம்" என்கிறார்களே, அதற்கு டெத் குழுவின் சக் ஷூல்டினரையே காட்டலாம். டெத் மெட்டல் என்னும் உறுமல் வகையின் தந்தை என்று அழைக்கப்படுபவர். ஆல்பத்துக்கு ஆல்பம் அவர் உறுமல் மேலே ஏறி, 1998இல் வந்த ஆல்பத்தில் கூர்மையான கிறீச்சலாயிற்று. அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, சாட்சாத் ஹால்ஃபோர்டின் 'பெயின்கில்லர்'. அடுத்த ஆண்டு வெளிவந்த கன்ட்ரோல் டினைட் என்ற குழுவின் ஆல்பத்தில் அவரே டிம் அய்மார் என்னும் இன்குரல் பாடகரைப் பாடவைத்தார். உக்ரைனின் ஜின்ஜெர் குழுவில் தத்யானா ஷ்மாய்லுக் 'பைசீஸ்' என்ற ஒரே பாட்டில் தாலாட்டுப்போலத் தொடங்கி, மூச்சுவிடும் நேரத்தில் உறுமலுக்குத் தாவுகிறார்.

இன்குரலும் எங்கும் போய்விடவில்லை. உறுமலே இல்லாத கோஸ்ட் குழு 2025இல் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 70 வயதைத் தாண்டிய ஹால்ஃபோர்ட் 2024இல் புது ஆல்பத்தில் பாடினார்.

குறை சொல்லத்தான் வேண்டுமென்றால் நானும் ஒன்று சொல்வேன். 2002 வாக்கில் கில்ஸ்விட்ச் எங்கேஜ் போன்றவர்கள் அழகாகச் செய்துகாட்டியதை, சரணத்தில் கத்து, பல்லவியில் கொஞ்சு என்று வாய்ப்பாடாக்கி நூறு குழுக்கள் நகலெடுத்தன. அடுத்து எந்தக் குரல் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் இரண்டு குரலுமே சலிக்கும். ஸ்வீடனின் ஓபெத் குழுவில் மிகேல் ஓகெர்ஃபெல்ட் அப்படிச் செய்ததில்லை. 2003இல் உறுமலே இல்லாத ஓர் ஆல்பம் போட்டார். 2008க்குப் பிறகு ஆல்பங்களில் உறுமுவதையே விட்டார். 2024இல், ஒரு செல்வந்தரின் உயிலை அவர் பிள்ளைகள் முன் வாசிக்கும் கதையைக் கையிலெடுத்தபோது மறுபடி உறுமினார். நடுவில் போன 16 ஆண்டுகளில் அவர் கேட்டுச் சலித்த புகார் என்ன தெரியுமா? இந்த மனிதர் வெறுமனே பாடிக்கொண்டிருக்கிறாரே என்பதுதான்.