நூல் பிடிக்கத் தெரிந்த ஊரில் விறகாகும் மரங்கள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்து ஓய்ந்ததும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கரண்ட் வர நாள் கணக்கில் ஆனது. செயின் சா மட்டும் உடனே வந்துவிட்டது. தெருவை அடைத்துக் கிடந்த மரத்தைத் துண்டு போட்டு ஓரம் கட்ட வேண்டும், ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும். இதில் யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு அதற்கப்புறம்தான். வழி திறந்த பிறகும், பள்ளி மைதானத்திலும் கோயில் வளாகத்திலும் ஃபாக்டரி காம்பவுண்டுக்குள்ளும் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் படுத்துக் கிடந்த மரங்களையும் ஏன் அதே ஒன்றரை அடித் துண்டாகப் போட்டார்கள்? ஒன்றரை அடியில் உருப்படியாக ஒரு பெஞ்சு கூட வராதே சார்! அரை நூற்றாண்டு நிழல் கொடுத்த மரத்துக்கு ஐந்தே நிமிஷத்தில் "விறகு" என்று தீர்ப்பு. தானே (2011), வர்தா (2016), கஜா (2018), மிக்ஜாம் (2023)... புயலின் பெயர்தான் மாறுகிறது, துண்டின் நீளம் மாறுவதாக இல்லை.

இத்தனைக்கும் மரத்தைத் துண்டாக்குகிற அதே செயின் சாவே பலகையும் அறுக்கும். அதன் நீள பிளேடை (பார் என்பார்கள்) ஒரு இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கி, மரத்தின் மேல் படுக்க வைத்து நகர்த்தினால் அதுதான் கையோடு தூக்கிப் போகும் சா மில். அமெரிக்காவில் கிரான்பெர்க் கம்பெனி இதை "அலாஸ்கன் மில்" என்ற பெயரில் பல பத்தாண்டுகளாக விற்கிறது. பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. நாலு சதுரக் குழாய், சில போல்ட், ஒரு வெல்டிங். டாங்கி செய்யும் ஆவடிக்கும், பட்டறைக்குப் பட்டறை லேத் ஓடும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் இது ஒரு மத்தியான வேலை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினால் பீஸை ரிஜக்ட் பண்ணும் ஊர், காம்பவுண்டுக்குள் விழுந்த மரத்தைக் கண்ணளவில் வெட்டித் தள்ளுகிறது. என்ன கொடுமை இது?

"அதெல்லாம் வாங்கினோம், பலகை கோணலாக வருது, தூக்கிப் போட்டோம்" என்று சிலர் சொல்வார்கள். கோணல் மெஷினில் இல்லை, அலைன்மென்டில் இருக்கிறது. உருண்டை மரத்தில் நேரான பக்கம் என்று ஒன்று கிடையாது. அதனால் முதல் அறுப்புக்கு மரத்தின் முதுகில் ஒரு தண்டவாளம் வேண்டும். அலுமினிய ஏணி போதும், நேரான இரண்டு சதுரக் குழாய் இருந்தாலும் போதும். மரத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு குறுக்குக் கட்டை அடித்து, ரசமட்டம் வைத்து இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்து, அதன் மேல் ஏணியைத் திருகிவிட வேண்டும். இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். ஒரு முனைக் கட்டை கால் அங்குலம் சாய்ந்திருந்தால் முதல் பலகை முறுக்கிக்கொள்ளும். அதோடு போகாது! அடுத்த அறுப்புக்கு ஏணி கிடையாது, மில் இந்த அறுத்த முகத்தின் மேலேயே ஓடும். ஆக முதல் முறுக்கு கடைசிப் பலகை வரைக்கும் வாரிசுரிமையாக இறங்கும்.

சரிபார்க்க லேசர் எதுவும் வேண்டாம். இரண்டு முனையிலும் ஒவ்வொரு நேரான குச்சியைக் குறுக்கே கிடத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன் குச்சியின் மேல் விளிம்பு வழியாகப் பின் குச்சியைப் பார்த்தால் தெரிந்துவிடும். நீள மரம் என்றால் ஏணி நடுவில் தொய்யும், அங்கே ஒரு முட்டுக் கொடுக்க வேண்டும். திருகாணி அறுப்பு ஆழத்துக்கு எட்டாத நீளமாக இருக்க வேண்டும், எட்டினால் செயின் அதில் போய் முட்டும். சட்டத்துக்கும் பாருக்கும் நடுவே இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று டேப் வைத்துப் பார்க்க வேண்டும், இன்ஜினை அணைத்துவிட்டு! மரம் ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் சிறுத்திருந்தால், நடுக்குருத்திலிருந்து இரண்டு முனையிலும் ஒரே உயரம் அளந்து ஏணியை வைத்தால் ரேகை பலகையோடு நேராக ஓடும். எல்லாம் சேர்த்து அரை மணி, முக்கால் மணி. அந்த முக்கால் மணியைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

செயினும் வேறு. குறுக்கே வெட்டும் செயினின் பல் சுமார் 30 டிகிரியில் தீட்டியிருக்கும், நீளவாக்கில் அறுக்க 10 டிகிரி வேண்டும். பழைய செயினையே அரத்தால் மாற்றித் தீட்டிக்கொள்ளலாம். ஒரு அடி அகல மரத்துக்கு 50 சிசி இன்ஜின் சமாளிக்கும், அதற்கு மேல் போனால் 70 சிசிக்குக் குறையாமல் வேண்டும்.

இதையெல்லாம் ஏதோ வெளிநாட்டு வித்தை மாதிரி பார்ப்பதுதான் வேடிக்கை. குழிக்குள் ஒருவர், மேலே ஒருவர் நின்று பெரிய ரம்பத்தை இழுத்த காலத்தில் நம்மூர் மரம் அறுப்பவர்கள் கரிநூல் அடிக்காமல் ரம்பத்தை வைத்ததே இல்லை. "நூல் பிடிச்ச மாதிரி" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, சும்மாவா?

அடுத்த சாக்கு, "தூங்குமூஞ்சி மரம் அடுப்புக்குத்தான் லாயக்கு". ஹவாயில் இதே மரத்துக்கு மங்கிபாட் என்று பெயர், கிண்ணமும் மேஜையுமாக நல்ல விலைக்குப் போகிறது. பூவரசும் வேம்பும் பற்றிச் சொல்லவே வேண்டாம், தாத்தா வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தால் போதும். குல்மொஹர் மாதிரி மெத்தென்ற மரத்தை விறகுக்கு விடுங்கள், யாரும் அழப் போவதில்லை.

"செயின் சா பாதி மரத்தைத் தூளாக்கிடும்" என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒரு அறுப்புக்கு முக்கால், ஒரு அங்குலமா போகும்? இல்லை, சுமார் முக்கால் அங்குலத்தில் பாதி. ஒரு அங்குலப் பலகை அறுத்தால் நாலில் ஒரு பங்கு தூள், இரண்டு அங்குலம் என்றால் ஆறில் ஒரு பங்கு. பேண்ட் சா இதைவிடச் சிக்கனம்தான். ஆனால் மூன்று டன் மரத்தை கிரேன் பிடித்து மில்லுக்குக் கொண்டு போவது யார்? போட்டி பேண்ட் சாவோடு இல்லை, அடுப்போடு. 2013-ல் ஹையான் புயல் சாய்த்த தென்னைகளை பிலிப்பைன்ஸ்காரர்கள் செயின் சாவும் சிறு மில்களும் வைத்துப் பலகையாக்கி, அதைக்கொண்டே வீடு கட்டினார்கள். ஐந்து வருஷம் கழித்து கஜா சாய்த்த டெல்டா தென்னைகள் எத்தனை தோப்பிலேயே கிடந்து மக்கின!

அரசாங்கம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று தொடங்கி அடுத்தடுத்துப் போட்ட உத்தரவுகளால் சா மில்லுக்கு லைசென்ஸ் கெடுபிடி அதிகம். (வர்தா வந்தது சரியாக இருபது வருஷம் கழித்து அதே தேதியில்.) காட்டைக் காப்பாற்ற வந்த கெடுபிடி, நியாயமானது. ஆனால் காற்றில் விழுந்த தெரு மரத்தை விழுந்த இடத்திலேயே பலகையாக்குவது சா மில் நடத்துவது ஆகாது என்று ஒரே ஒரு பக்கம் சுற்றறிக்கை போட வனத்துறைக்கும் மாநகராட்சிகளுக்கும் என்ன தடை? ஆவடி 2019-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது. இரண்டு மில், இரண்டு ஏணி, பயிற்சி பெற்ற நாலு பேர், அவர்களுக்குக் காதடைப்பும் கண்ணாடியும் ஷூவும் (லுங்கியும் ரப்பர் செருப்பும் போட்டுக்கொண்டு செயின் சா பிடிக்க வைப்பது தனி அநியாயம்). முனைகளில் பெயின்ட் பூசி, இடையில் குச்சி வைத்து அடுக்கினால் ஒரு வருஷத்தில் பள்ளிக்கூட பெஞ்சுக்குப் பலகை தயார்.

அதுவரைக்கும் நம்மால் ஆனது, மரத்தில் ஆணி அடிக்காமல் இருப்பது. டியூஷன் சென்டர் போர்டு, ஹாஸ்டல் போர்டு, "இங்கே வீடு வாடகைக்கு" எல்லாம் தெரு மரத்தில்தான் தொங்குகிறது. போர்டு போனாலும் ஆணி உள்ளேயே இருக்கும், பட்டை அதை மூடி வளர்ந்துவிடும். பத்து வருஷம் கழித்து செயினின் பல் அதில் பட்டால் அந்த நிமிஷமே மொக்கை. அறுக்கும் முன் காந்தமோ மெட்டல் டிடெக்டரோ வைத்துத் தடவிப் பார்ப்பதும் அலைன்மென்டில் சேர்ந்த வேலைதான்.